எஞ்சினியரின் பெட்டியும் என் வன்மமும்

உறைபனிக் காற்றுக்குள் சூடு கிடையாது என்று நான் நம்பியிருந்தேன். இதில் என்ன மடத்தனம் என்று கேட்பீர்கள். ஜனவரி மாதக் காலையில் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் பஸ்ஸுக்கு நின்ற எவரும் அப்படித்தான் நம்புவார்கள். மூக்கு மரத்து, காது இருந்த இடத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வைக்கும் காற்று அது. அந்தக் காற்றிலிருந்து சூட்டை உருவி எடுத்துக் கடைக்குள் விடலாம் என்று ஒருவர் சொன்னால், அவர் ஒன்றில் பைத்தியக்காரர், இல்லாவிட்டால் ஏமாற்றுக்காரர். என் கடைக் கட்டடத்தின் சொந்தக்காரரைப் பார்த்தால் பைத்தியக்காரர் மாதிரித் தெரியவில்லை. ஆகவே ஏமாற்றுக்காரர் என்று முடிவு செய்தேன். அந்த முடிவின் மேல் ஒரு முழுப் பழிவாங்கலையும் கட்டி எழுப்பினேன். அத்திவாரம் பிழை என்பது கூரை போட்ட பிறகுதான் தெரிந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு அது. நானும் மனைவியும் கடை தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அரிசி, மா, மிளகாய்த்தூள், கொழும்பிலிருந்து விமானத்தில் வந்திறங்கும் மரக்கறி, ஒரு மூலையில் வாடகைக்கு விடும் வீடியோ கசற்றுகள். கட்டடத்துக்காரர் தமிழ்நாட்டுக்காரர், குளிரூட்டும் யந்திரங்கள் பூட்டும் ஒரு கொம்பனியில் எஞ்சினியர், வீடு குட்மேய்ஸில். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவர் வெறும் ‘எஞ்சினியர்’தான். லண்டனில் வேறு எஞ்சினியரே இல்லை என்பது போல அவரும் அந்தப் பெயருக்கு ஏற்றபடி நடந்துகொள்வார்.

கடைச் சுவரில் ஒரு பழைய காஸ் ஹீட்டர் இருந்தது. எனக்கு அதன் மேல் பாசம். பற்ற வைத்தால் நீலமாக எரியும், கையை நீட்டினால் சுடும், கண்ணால் பார்க்கக்கூடிய நேர்மையான சூடு. ஒருநாள் எஞ்சினியர் வந்து அதன் புகைக்குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது வெடித்து விரிசல் விட்டிருக்கிறது, நச்சுப்புகை கசிந்து ஒரு நாளைக்கு நீங்கள் இரண்டு பேரும் கல்லாவில் தூங்கி விழுந்தபடியே போய்விடுவீர்கள் என்று சொல்லிக் கழற்றிக்கொண்டு போனார். பதிலுக்கு, லண்டன் சிற்றிப் பகுதியில் இடித்துத் திருத்திய ஏதோ அலுவலகத்திலிருந்து வந்த ஒரு யந்திரத்தைக் கொண்டுவந்து பூட்டினார். அதில் பாதி கல்லாவுக்கு மேலே சுவரில் இருந்தது. மறுபாதி, பெரிய விசிறி வைத்த ஒரு தகரப் பெட்டி, பின்வளவில் சீமெந்துக் கட்டு ஒன்றின் மேல் குந்தியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் செம்புக் குழாய்.

அன்று சனிக்கிழமை. கடை நிறையச் சனம். இது கோடையில் ஏசி, குளிர்காலத்தில் ஹீட்டர், வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை எடுத்து உள்ளே தள்ளும் என்று அவர் எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினார். நானும் எல்லோருக்கும் கேட்கும்படியே கேட்டேன்.

“வெளியில பனி கொட்டேக்க அந்தக் காத்தில சூட்டுக்கு எங்க போறது, சேர்?”

அவர் சிரித்தார். என்னைப் பார்த்து மட்டும் சிரித்திருந்தால் பொறுத்திருப்பேன். திரும்பி வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, பள்ளிக்கூடப் பொடியனை இழுப்பது போல இழுத்துக்கொண்டுபோய் என் சொந்தக் குளிர்பெட்டியின் முதுகில் என் கையை வைத்தார்.

“சுடுதா?”

“சுடுது.”

“உள்ளே என்ன இருக்கு?”

“தயிர். மோர்.”

“அதுங்ககிட்ட இருந்து உருவின சூடுதான் இது. தயிருக்கே சூடு இருக்கும்போது லண்டன் காத்துக்கு இருக்காதா? உங்களுக்குப் பருப்பு தெரியும் தம்பி. காத்தை என்கிட்ட விட்டுடுங்க.”

சனம் சிரித்தது. எல்லோரிலும் கூடச் சிரித்தது பஸ் ஓட்டும் அண்ணை. வாரம் தவறாமல் வருபவர், மீசை ஆடும்படி சிரிப்பவர். அவருடைய பெயரை மனதுக்குள் இரண்டாவது இடத்தில் எழுதிக்கொண்டேன். முதலாவது இடம் எஞ்சினியருக்கு.

அவர் மேலும் விளக்கிக்கொண்டு போனார். குழாய்க்குள் ஒரு திரவம் ஓடுகிறதாம். வெளிக்காற்று எவ்வளவு குளிரோ அதைவிடக் குளிராக அது ஓடுமாம். ‘அதுக்கு உங்க பனிக்காத்து வெந்நீர் மாதிரி’ என்றார். குளிர் கூடக்கூட யந்திரத்துக்கு வேலை கூடும், சூடு குறையும், ஆனால் இல்லாமல் போகாது என்றார். ஒரு பங்கு கரண்டைத் தின்று இரண்டு பங்கு சூடு தரும் என்றார். எனக்குத் தெரிந்து வாங்கியதைவிட அதிகம் வெளியே விடுபவர் எங்கள் சங்கத்துச் செயலாளர் ஒருவர்தான். ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் கொடுத்தால் ஒரு பின்னேரம் முழுக்கப் பேசுவார். அதற்குப் பிறகு எஞ்சினியர் ஐஸ் பற்றியும் ஏதோ சொன்னார். நான் கேட்கவில்லை. அவருக்குத் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை மனதுக்குள் தயாரித்துக்கொண்டிருந்தேன். அது முழுமையாகத் தயாரானபோது அவர் குட்மேய்ஸ் போய்ச் சேர்ந்திருப்பார்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அடுத்த மாதம் ஆர்ச்வேயில் கோயிலுக்குப் போயிருந்தோம். பூசை முடிந்து சனம் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறது. எனக்கு முன்னால் ஒரு இருபது பேர் தள்ளி எஞ்சினியர். அவர் என் கதையை, என் குரலில், எங்கள் யாழ்ப்பாணத் தமிழை இடறி இடறிப் பேசி நடித்துக்கொண்டிருந்தார். ‘சூட்டுக்கு எங்க போறது சேர்’ என்று அவர் சொன்ன இடத்தில் வரிசை முழுவதும் குலுங்கியது. சோற்றுத் தட்டைப் பிடித்தபடி நானும் கொஞ்சம் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அது நான்தான் என்று தெரிந்துவிடும். அப்போது என் மனைவி, உதவி செய்யும் நல்லெண்ணத்தில், “இஞ்சருங்கோ, உங்களைத்தான் சொல்லீனம்” என்றாள்.

அந்தச் சோற்றுத் தட்டின் மேலேயே சத்தியம் செய்தேன். நல்ல குளிர் ஒன்று வரட்டும். அந்தப் பெட்டி சாகட்டும். அதன் பிணத்தின் முன்னால் அவரைக் கொண்டுவந்து நிறுத்துவேன். கடைச் சனம் முழுவதும் பார்க்க, ‘காத்தில சூடு இல்லைத் தம்பி’ என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். பிறகு காஸ் ஹீட்டரைத் திரும்பப் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகு ஆர்ச்வே வரிசையில் நான் அவர் குரலில் நடிப்பேன். அவருடைய ‘என்கிட்ட விட்டுடுங்க’ எனக்கு ஏற்கெனவே நன்றாக வந்துவிட்டது. குளித்தபடி பழகினேன்.

அதுவரைக்கும் சில்லறைப் பழிவாங்கல்களால் காலத்தை ஓட்டினேன். தேங்காய் கேட்டால் தட்டிப் பார்த்து நல்லதாக எடுத்துக் கொடுப்பது என் வழக்கம். எஞ்சினியருக்குத் தட்டாமல் கொடுத்தேன். அழுகலாகத் தேடிக் கொடுக்கவில்லை, அந்த அளவுக்கு நான் இறங்கவில்லை. விதியிடம் விட்டேன். விதியும் அவர் பக்கம்தான் நின்றது. போன தேங்காய் அருமை என்று வந்து சொல்லிவிட்டுப் போவார். பஸ் அண்ணைக்கு முருங்கைக்காயில் நூல் மாதிரி மெலிந்தவற்றைக் கட்டிக் கொடுத்தேன். அவர் சாப்பிட்டுவிட்டு, இளசு என்று சொல்லி இன்னும் ஒரு கட்டு கேட்டார்.

இலையுதிர்காலம் வந்தது. பெட்டி வேலை செய்தது. கடை இதமாக இருந்தது. இது என்ன குளிர், இந்தக் குளிருக்கு ஒரு மெழுகுதிரி போதும் என்று வருகிற எல்லோருக்கும் சொன்னேன். டிசம்பரும் மழையும் ஈரமுமாக ஓடிப்போனது. லண்டனில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் குளிரைத் திட்டினார்கள். நான் ஒருத்தன் மட்டும் வானொலியின் காலநிலைச் செய்திக்குக் காதைக் கொடுத்து, இன்னும் இறங்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். கோயிலிலும் கேட்டேன். எல்லோருக்கும் நல்ல சுகத்தைக் கொடு, ஜனவரியில் மட்டும் லண்டனை நன்றாக உறைய வை என்று. அர்ச்சனைச் சீட்டு எழுதுபவர் என்ன வேண்டுதல் என்று கேட்டால் சொல்ல ஒரு பொய்யும் கைவசம் இருந்தது.

எண்பத்தேழு ஜனவரியில் வேண்டுதல் பலித்தது. அந்த வருடம் லண்டனில் இருந்தவர்களுக்கு நான் வர்ணிக்கத் தேவையில்லை. கிழக்கிலிருந்து ஒரு காற்று வந்தது. அதன் பின்னால் பனி வந்தது. ரயில் நின்றது, பஸ் நின்றது, போத்தல் பால் வாசற்படியிலேயே உறைந்து மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் கேட்டதைவிட நாலு மடங்கு கொடுத்துவிட்டார் கடவுள்.

நாள் பார்க்கத்தான் மறந்துவிட்டேன். அது பொங்கல் கிழமை.

எங்கள் கடையின் முதல் பொங்கல் அது. வாழையிலை, வெற்றிலை, மாவிலை, மஞ்சளும் இஞ்சியும் இலையோடு, கதலிப்பழம், கரும்பு. எல்லாம் விமானத்தில் வந்து, பனி கொட்டத் தொடங்குவதற்கு முந்தின நாள் நான் ஹீத்ரோவுக்கு வான் ஓட்டிப்போய் ஏற்றி வந்தவை. ஃபாரஸ்ட் கேட்டிலும் குட்மேய்ஸிலும் உள்ள எங்கள் ஆட்களில் பாதிப் பேர் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பொங்கலன்று வெற்றிலை இல்லாமல் கையை விரித்த கடைக்கு அந்தச் சனம் அதற்குப் பிறகு உப்பு வாங்கவும் வராது. புதுக்கடை, கடன்பட்டுத் தொடங்கிய கடை, அதோடு முடிந்தது கதை. குளிர் பட்ட வெற்றிலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. அவித்த கீரை மாதிரி ஆகிவிடும். வாழைப்பழம் ஒரே நாளில் கறுத்துவிடும்.

சாமான்கள் முழுவதும் கடைக்குள். கடைக்கு இருந்த ஒரே சூடு, எஞ்சினியரின் பெட்டி.

“நீங்கள் கேட்ட குளிர் வந்திட்டுது,” என்றாள் மனைவி. “இனி அந்தப் பெட்டி செத்தா உங்களுக்குச் சந்தோசமோ?”

மின்சார ஹீட்டர் ஒன்று இரவல் வாங்கி வந்து செருகினேன். கட்டடம் முழுக்க இருட்டாகிவிட்டது. அந்தப் பழைய வயரிங் குளிர்பெட்டியையும் யந்திரத்தையும் ஹீட்டரையும் சேர்த்துத் தாங்கவில்லை. மண்ணெண்ணெய் ஹீட்டர் கடைக்குள் வைக்கவே கூடாது என்று எஞ்சினியர் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார். சாமானை வீட்டுக்குக் கொண்டுபோகலாமென்றால், நாங்கள் இருந்தது ஒற்றை அறையில். கரும்புக் கட்டை உள்ளே வைத்தால் நாங்கள் வெளியே நிற்க வேண்டும்.

ஆகவே சமாதானம் பேசப் போனேன், யந்திரத்தோடு. கல்லாவுக்கு மேலே அண்ணாந்து பார்த்து, இந்தக் கிழமை மட்டும் ஓடு, பொங்கல் முடிந்த அடுத்த நாள் செத்துப்போ, நான் ஒன்றும் குறை சொல்லமாட்டேன் என்று கேட்டுக்கொண்டேன். பழியை நான் கைவிடவில்லை. நாலு நாள் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான்.

யந்திரம் ஓடியது. ஆனால் முன்னைப்போலச் சூடாக ஊதவில்லை, இளஞ்சூடாக ஊதியது. அதைக்கூடத் தாங்கியிருப்பேன். திடீரென்று ஒரு ‘உஸ்’ சத்தம், பாம்பு மூச்சுவிட்டது போல. கல்லாவுக்கு மேலே விசிறி நின்றது. காற்று நின்றது. என் இதயமும் அதோடு சேர்ந்து நின்றது என்றால் நம்புங்கள், ஆனால் அதிலும் ஒரு சின்ன மூலை ‘செத்தியா, செத்தியா’ என்று துள்ளியது. கொஞ்ச நேரத்தில் அது மறுபடியும் ஊதத் தொடங்கியது. பிறகு இன்னொரு தரம் நின்றது. மறுபடி ஓடியது. ஒவ்வொரு தரமும் நான் வெற்றிலைக் கட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன், தாதி நாடி பார்ப்பது போல.

என்ன நடக்கிறது என்று பார்க்கப் பின்வளவுக்குப் போனேன். தகரப் பெட்டியின் முதுகு முழுவதும் வெள்ளை வெளேரென்று உறைபனி. விசிறி மட்டும் சுற்றுகிறது. அதன் பக்கத்தில் கையை வைத்தால், வளவில் அடித்த காற்றைவிடக் குளிரான காற்றை அது வெளியே தள்ளுகிறது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதாவது, பிழையாக விளங்கிவிட்டது. பெட்டிக்குக் குளிர் ஏறிவிட்டது.

குளிருக்கு எங்கள் ஆட்களிடம் ஒரே வைத்தியம்தான் இருக்கிறது. மூடு. பனி தலையில் பட்டால் மூக்கு வடியும் தடிமன், காதில் பட்டால் காய்ச்சல். ஜூன் மாதம்கூட மப்ளர் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நாங்கள். அந்த அறிவு முழுவதையும் திரட்டி எஞ்சினியரின் யந்திரத்துக்குப் பாவித்தேன். வெறும் அரிசிச் சாக்குகளை நாலு பக்கமும் சுற்றினேன். அதற்கு மேல் எங்கள் பழைய கம்பளி. விசிறி வாசலில் குளிர் நேராக ஏறுகிறது என்று அதற்கு இரட்டை மடிப்பு. கட்டுவதற்குக் கயிறு கிடைக்கவில்லை, என் கழுத்து மப்ளரையே அவிழ்த்து இறுக்கக் கட்டினேன். செய்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது ஒரு திருப்தி வந்தது. விரோதியின் பிள்ளைக்குக்கூட மருந்து கொடுக்கும் மனசு எனக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஆகமுதல் கடை குளிர்ந்தது. மேலே இருந்த பாதி இளஞ்சூடாக ஊதி, வெறும் காற்றாக ஊதி, பிறகு ஊதவேயில்லை. ‘உஸ்’ சத்தமும் இல்லை. பொத்தானை அமத்திப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், கதைத்தும் பார்த்தேன். செத்துவிட்டது.

ஓடிப்போய் டெலிபோனைத் தூக்கினேன். அவருடைய இலக்கம் எனக்கு மாதக்கணக்காக மனப்பாடம்.

“சேர், உங்கட பெட்டி செத்துப்போச்சு,” என்றேன். எவ்வளவு இனிமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு இனிமையாக. “காத்தில சூடு முடிஞ்சுது போல.”

வர்றேன், எதையும் தொடாதீங்க என்றார்.

அதற்குப் பிறகு கடைக்கு வந்த ஒருவரையும் நான் போக விடவில்லை. பனிக்குள் நடந்து நடந்து, சொல்லி வைத்த சாமானை எடுத்துப்போக வந்த சனம். கொஞ்சம் நில்லுங்கோ, எஞ்சினியர் வாறார், ஒரு விசயம் இருக்கு என்றேன். கரும்பு எடுக்க வந்தவர்கள் கரும்போடு நின்றார்கள். பஸ் அண்ணையும் வந்தார். அவருடைய பஸ் கராஜில் உறைந்துபோய்க் கிடந்ததால் அவருக்கும் வேறு வேலை இல்லை. அவரைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே, நன்றாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தினேன். சிரித்தவர்தானே, பார்க்கட்டும். மனைவி மட்டும் தன் கோட்டைக் கழற்றி வெற்றிலைப் பெட்டியின் மேல் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு குளிரில் நின்றாள். அதைப் பார்க்கவும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இருந்தாலும், இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தேன்.

எஞ்சினியர் குட்மேய்ஸிலிருந்து ரொம்ஃபோர்ட் ரோட் முழுக்க நடந்து வந்திருந்தார். முழங்கால் வரை பனி, தோளில் ஸ்பானர்கள் போட்ட ஆயுதப் பை, தொப்பியின் மேல் பனி. அவருடைய மூக்குச் சிவந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. நல்ல வடிவாகத்தான் இருந்தது. நான் தயாரித்து வைத்திருந்த முதல் வசனத்தைத் தொடங்க முன்பே அவர் என்னைத் தாண்டி நேரே பின்வளவுக்குப் போனார். நான் பின்னால் போனேன். என் பின்னால் சாட்சிகள் அத்தனை பேரும் போனார்கள், வளவு கொள்ளாமல் கதவிலும் தொங்கிக்கொண்டு. எல்லோரையும் அழைத்து வைத்தது நான்தான் என்பதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன்.

எஞ்சினியர் பெட்டியைப் பார்த்தார். பெட்டி என்று எங்கே தெரிந்தது. சாக்கும் கம்பளியும் போர்த்து, மப்ளர் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயாரான ஒரு கட்டையான மனுசன் மாதிரிக் குந்திக்கொண்டிருந்தது.

“இது என்ன தம்பி?”

“குளிருக்கெண்டு...” என்றேன். “போர்த்தி விட்டனான்.”

“யாருக்குக் குளிருது?”

கதவுப் பக்கமிருந்து பஸ் அண்ணை சொன்னார்:

“பெட்டிக்குத் தடிமனாம், சேர்.”

அந்த வளவு அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டிருக்காது. எஞ்சினியர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சுட்டது. அவர் மப்ளரை அவிழ்த்து என் தோளில் போட்டார். சாக்கை உருவினார். உள்ளே பெட்டியே இல்லை, ஒரு ஐஸ் கட்டி இருந்தது.

“இது மூச்சு விடுற வாய் தம்பி. காத்தை இழுத்தாத்தான் அதுல இருக்கிற சூட்டை எடுக்கும். வாயைக் கட்டிட்டு, செத்துப்போச்சுன்னு எனக்கு போன் பண்ணியிருக்கீங்க.”

ஐஸ் படியத்தான் செய்யும் என்றார். படிந்தால் யந்திரம் கொஞ்ச நேரம் தன் சூட்டையே திருப்பி விட்டு அதை உருக்கிக்கொள்ளும், அப்போது உள்ளே காற்று நிற்கும், பயப்பட வேண்டாம் என்று பூட்டின அன்றைக்கே சொன்னேனே என்றார். சொல்லியிருப்பார். அந்த நேரம் நான் பதில் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

குழாய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பஸ் அண்ணையும் இன்னும் இரண்டு பேரும் வாளி வாளியாகக் கொடுக்க, அவர் மெதுவாக ஊற்றி ஐஸைக் கழற்றினார். எதையோ திறந்து, எதையோ முறுக்கி, உள்ளே போய் மின் ஆளியைப் போடும்படி என்னிடம் சொன்னார். போட்டுவிட்டுக் கல்லாவடியில் நின்று பின்கதவு வழியே பார்த்தேன். உறுமல் வந்தது. ‘உஸ்’ வந்தது. பிறகு பெட்டியிலிருந்து குபீரென்று ஒரு வெள்ளைப் புகை எழும்பி, எஞ்சினியரை மறைத்து, வளவை மறைத்து, கூரைக்கு மேலே போனது.

“நெருப்பு!” என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உரத்துக் கத்தியதில்லை. கத்திக்கொண்டே கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு முன்கதவால் தெருவுக்குப் பாய்ந்தேன். தெருவில் நின்று, கடை எரியுது, கடை எரியுது என்று வெறும் பனியைப் பார்த்துக் கூப்பிட்டேன். எதிர்க் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். என் கடை எரியவில்லை. என் மார்போடு அணைத்திருந்தது ஒரு கட்டு வெற்றிலை. மனைவி உள்ளே நின்றாள். கல்லா உள்ளே இருந்தது. இருபது சாட்சிகளும் வளவில் நின்றார்கள். அவர்களில் ஒருவரையும் காப்பாற்ற எனக்குத் தோன்றவில்லை.

கட்டைப் பனியிலேயே போட்டுவிட்டு, ஆட்களை இழுத்து வெளியே எடுக்க வீரத்தோடு திரும்ப உள்ளே ஓடினேன். ஒருவரும் வெளியே வர ஆயத்தமாக இல்லை. வளவிலிருந்து உள்ளே வந்து கல்லாவடியில், யந்திரம் ஊதத் தொடங்கிய இடத்தில், நெருக்கியடித்துக்கொண்டு நின்று கைகளை உயர்த்திச் சூடு காய்ந்துகொண்டிருந்தார்கள்.

“நீராவி தம்பி,” என்றார் பின்கதவால் வந்த எஞ்சினியர். “ஐஸ் உருகினா நீராவி வரும். இட்லிச் சட்டியில பாத்ததில்லையா?”

அவர் என் வாயால் ஒன்றும் சொல்லும்படி கேட்கவில்லை. நான் அவருக்குத் தயாரித்து வைத்திருந்த மாதிரி, சனத்தின் முன்னால் நிறுத்தி, காற்றில் சூடு இருக்கிறது என்று சொல் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் இன்றைக்கும் அவரை வெறுக்க ஒரு நியாயமாவது இருந்திருக்கும். அதுகூட எனக்குத் தராமல், மனைவி கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, பொங்கலுக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டு, வந்த வழியே நடந்து போனார். ஆர்ச்வே வரிசையில் அந்தக் கதையைச் சொன்னது பஸ் அண்ணைதான். மப்ளருக்கு ஒரு தனி நடிப்பு வைத்திருந்தார். அவருக்கு அந்த வருடம் முழுவதும் நல்ல முருங்கைக்காய் கிடைக்கவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

நடந்தது இதுதான். பொங்கல் முடியும் வரை லண்டன் உறைந்து கிடந்தது. அந்தப் பெட்டி கொதிக்கக் கொதிக்க ஊதவில்லை. கோட்டைக் கழற்ற முடிந்தது, சுவெற்றரைக் கழற்ற முடியவில்லை. இடையிடையே நின்று, தன் ஐஸை உருக்கி, நீராவி விட்டு, மறுபடி ஓடியது. வாழையிலை பச்சையாகவே நின்றது, கதலி மஞ்சளாகவே இருந்தது, சொல்லி வைத்த எல்லோரும் வந்து எடுத்துப் போனார்கள். அந்தக் குளிரில் கறுத்துப்போனது, நான் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த ஒரு கட்டு வெற்றிலை மட்டும்.